எச்சரிக்கையும் விளம்பரமும்

1840களில் அமெரிக்க நாளிதழ்களில் ஒருவகை மாத்திரை விளம்பரம் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. பெண்களின் மாதச் சுழற்சியில் நேரும் ‘தடை’யை நீக்கும் மருந்து என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். கூடவே ஓர் எச்சரிக்கையும் இருக்கும்: கருவுற்ற பெண்கள் இதை எக்காரணம் கொண்டும் உட்கொள்ளலாகாது, உட்கொண்டால் கரு கலைந்துவிடும். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது விற்பவரின் பொறுப்புணர்வு. நாள் தள்ளிப்போன கவலையோடு அந்தப் பத்தியைத் தேடிப் படிக்கும் பெண்ணுக்கோ, அந்த எச்சரிக்கைதான் விளம்பரமே.

இத்தகைய மறைமொழி நமக்கு அந்நியமானதன்று. கருவுற்றிருப்பதை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று சொல்லி உணர்த்திய சமூகம் நம்முடையது. ஆனால் மறைமொழி வணிகத்துக்குள் நுழையும்போது அதற்கொரு விலை ஏற்பட்டுவிடுகிறது. எதை விற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை, சொன்னபடி நடக்கவில்லை என்று எவரும் வழக்குக்கு இழுக்க முடியாது. அமெரிக்காவில் கருக்கலைப்பு விளம்பரங்களை நெறிப்படுத்த முயன்ற சட்டங்களின் கதை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பொய்யைத் தடுக்கப் புறப்படும் சட்டம் உண்மையை என்ன செய்கிறது என்பதே அக்கதை நெடுகிலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

*

1833இல் தொடங்கிய ‘நியூயார்க் சன்’ ஒரு சென்ட் விலைக்கு விற்ற நாளிதழ். விலை குறைந்தபோது வாசகர் பெருகினர். விளம்பர வருவாய் இன்றியமையாததாயிற்று. அந்தப் பக்கங்களில் புகழ்பெற்றவர்தான் ‘மேடம் ரெஸ்டெல்’. பெயரிலே பிரெஞ்சு வாசனை; ஆளோ இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தையல் வேலை செய்து பிழைத்த ஆன் லோமன். கணவர் சார்ல்ஸ் லோமன் அச்சுத் தொழில் அறிந்தவர். இருவருமாகச் சேர்ந்து ஐரோப்பாவில் பயின்ற பெண் மருத்துவர் ஒருவரைச் சொற்களாலேயே உருவாக்கினர். விளம்பரம் பொய் சொன்னது உண்மை. ஆனால் வேறெங்கும் போக வழியற்ற பெண்களுக்கு ஒரு முகவரியைத் தந்ததும் அதே விளம்பரம்தான்.

அக்காலத்தில் விற்ற மாத்திரைகளில் சில வெறும் மூலிகைப் பொடி. சிலவற்றிலோ எர்காட் போன்ற நச்சுப்பொருள். எது எது என்று வாங்குபவர் அறிய வழியில்லை. ஆகவே நெறிப்படுத்த வேண்டிய தேவை இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் வந்த சட்டம் வேறு வகையானது. துணிக்கடைச் சிப்பந்தியாக வாழ்வைத் தொடங்கி ஒழுக்கக் காவலராக உருவெடுத்த ஆன்டனி காம்ஸ்டாக்கின் முயற்சியால் 1873 மார்ச்சில் ஒரு கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. ஆபாசம் என்ற ஒரே மூட்டைக்குள் கருத்தடைச் சாதனங்களும் கருக்கலைப்பு மருந்துகளும் அவை எங்கே கிடைக்கும் என்று சொல்லும் தாள்களும் சேர்த்துக் கட்டப்பட்டன. இவற்றில் எதையும் தபாலில் அனுப்புவது குற்றமாயிற்று.

இந்தச் சட்டம் விளம்பரத்தைப் பார்த்து ‘இது மெய்யா, பொய்யா’ என்று கேட்கவில்லை. ‘இது தகுமா, தகாதா’ என்று மட்டுமே கேட்டது. நச்சு மாத்திரை விற்றவரும் நல்ல மருத்துவரும் அதன் கண்ணுக்கு ஒன்றே. 1878இல் காம்ஸ்டாக் வாடிக்கையாளராக வேடமிட்டுச் சென்று ரெஸ்டெலைக் கைது செய்வித்தார். ஏப்ரல் முதல் நாள், வழக்கு விசாரணைக்கு முன்பே, ஐந்தாம் அவென்யூ மாளிகையின் குளியல் தொட்டியில் அவர் கழுத்தறுபட்டு இறந்து கிடந்தார். தாமே செய்துகொண்டது என்று முடிவாயிற்று. பொய்யைப் பிடிக்க மற்றொரு பொய் வேடம் தேவைப்பட்டதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

*

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு உண்மையே குற்றவாளிக் கூண்டில் ஏறியது. 1970இல் நியூயார்க் மாநிலம் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது; வெளி மாநிலத்தவருக்கும் தடையில்லை. 1971 பிப்ரவரியில், வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரிலிருந்து வந்த ‘வர்ஜீனியா வீக்லி’ இதழ், நியூயார்க்கில் இச்சேவைக்கு ஏற்பாடு செய்துதரும் ஓர் அமைப்பின் விளம்பரத்தை வெளியிட்டது. அதில் சொன்னவை மெய்யானவை. செயலும் அது நிகழும் இடத்தில் சட்டத்துக்கு உட்பட்டது. எனினும் கருக்கலைப்பை ஊக்குவிக்கும் வெளியீடு என்று கூறி, நிர்வாக ஆசிரியர் ஜெஃப்ரி பிகிலோவுக்கு 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1975இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தண்டனையை நீக்கியது. விளம்பரம் என்பதாலேயே ஒரு கூற்று அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் தரும் பாதுகாப்பை இழந்துவிடாது என்றது தீர்ப்பு. அடுத்து வந்த தீர்ப்புகள் இதன் மறுபக்கத்தையும் தெளிவாக்கின: பொய்யான, ஏமாற்றும் வணிகப் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

காம்ஸ்டாக் கேட்க மறந்த கேள்வி ஒருவழியாகச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்குள் விளம்பரத்தின் வேடம் மாறியிருந்தது.

*

1960களின் இறுதியில் ஹவாயில் ராபர்ட் பியர்சன் என்பவர் கருவுற்ற பெண்களுக்கான ஆலோசனை மையம் ஒன்றைத் தொடங்கினார். கருக்கலைப்பிலிருந்து பெண்களை விலக்குவதே நோக்கம். அத்தகைய மையங்கள் நாடெங்கும் பரவின. 1984இல் அவருடைய அறக்கட்டளை வெளியிட்ட கையேடு, மையத்துக்கு நடுநிலையான பெயர் வைக்கும்படி அறிவுறுத்தியது. விளைவாக, தொலைபேசி நூலின் மஞ்சள் பக்கங்களில் கருக்கலைப்புக்கு இடம் தேடிய பெண், அதைத் தரவே தராத ஓரிடத்தின் வாசலில் போய் நின்றாள். முன்பு எச்சரிக்கையின் உடையில் விளம்பரம் வந்தது. இப்போது விளம்பரத்தின் உடையில் எச்சரிக்கை வந்தது.

நேர்மையோடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இம்மையங்கள் பலவற்றில் குழந்தைத் துணியும் இலவச ஸ்கேனும் ஆறுதல் சொல்லும் மனிதரும் கிடைத்ததுண்டு. பிள்ளை பெற விரும்பியும் வழியில்லாதிருந்த பெண்கள் அங்கே உதவி பெற்றதுண்டு. அவர்களுடைய நம்பிக்கையைச் சட்டம் தொட முடியாது, தொடவும் கூடாது. வழக்கு, கதவில் எழுதியிருக்கும் பெயரைப் பற்றியது.

வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் அந்தப் பெயரே வழக்காயிற்று. அங்கே கருக்கலைப்புச் சேவை தந்த நிலையம் ‘ஃபார்கோ உமன்ஸ் ஹெல்த்’ என்று தொடங்கும் பெயர் கொண்டது. பிறகு வந்த எதிர்ப்பு மையம் ‘உமன்ஸ் ஹெல்ப்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. ‘ஹெல்த்’துக்கும் ‘ஹெல்ப்’புக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. 1986இல் மாநில உச்ச நீதிமன்றம், ஏமாற்றும் விளம்பரத்துக்கு எதிரான இடைக்காலத் தடையாணையைச் சில திருத்தங்களுடன் உறுதிசெய்தது. சேவை இலவசமா இல்லையா என்பது மட்டுமே அது வணிகப் பேச்சா என்பதைத் தீர்மானிக்காது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

*

கலிஃபோர்னியாவில் பின்னாளில் வந்த இரு சட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் 2011இல் இயற்றிய சட்டம், இம்மையங்கள் தம் சேவைகளைப் பற்றிப் பொய்யாகவோ மயக்கும்படியோ விளம்பரம் செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னது. ஒரு மையம் இதை எதிர்த்து வழக்காடியது. 2017இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மாநில அரசு 2015இல் இயற்றியதோ மேலும் ஓரடி எடுத்து வைத்தது. மருத்துவ உரிமம் பெற்ற மையம், கருக்கலைப்பு உள்ளிட்ட அரசு உதவிகளைப் பற்றி அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். உரிமம் இல்லாத மையம், தனக்கு உரிமம் இல்லை என்பதை விளம்பரத்திலேயே அறிவிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் இந்த அறிவிப்பு 13 மொழிகளில் இருக்க வேண்டியிருந்தது. 2018 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் மாநிலச் சட்டத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரசு எழுதித்தரும் வாசகத்தை ஒருவர் வாயில் திணிக்கலாகாது என்பது நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பின் அடிப்படை. மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ஸ்டீஃபன் பிரேயர் ஒரு கேள்வி எழுப்பினார்: கருக்கலைப்பு செய்யும் மருத்துவரைத் தத்துக் கொடுப்பது பற்றிய தகவலைச் சொல்லுமாறு அரசு பணிக்கலாம் என்றால், மறுதரப்புக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? அக்கேள்விக்கு நிறைவான விடை கிடைத்ததாக நாம் கருதவில்லை.

ஆயினும் இந்த இரு சட்டங்களும் ஒரு படிப்பினையைத் தருகின்றன. ‘பொய் சொல்லாதே’ என்ற சட்டம் நின்றது. ‘நான் சொல்வதைச் சொல்’ என்ற சட்டம் விழுந்தது. 2023இல் இல்லினாய் மாநிலம், இம்மையங்களைத் தனியே குறிவைத்து இயற்றிய ஏமாற்று விளம்பரச் சட்டத்தையும் நீதிமன்றம் சில நாள்களிலேயே நிறுத்திவைத்தது. ஆண்டு முடிவதற்குள் மாநிலமே அதை நடைமுறைப்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டது. ஒரு தரப்பை மட்டும் நோக்கி வரும் சட்டத்தில், உண்மைக்காக வருகிறதா எதிரிக்காக வருகிறதா என்ற ஐயம் எழுந்துவிடுகிறது. காம்ஸ்டாக் இரு தரப்புக்கும் விட்டுச்சென்ற சொத்து இந்த ஐயம்தான்.

அவருடைய சட்டமும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கருத்தடை பற்றிய பகுதி 1971இல் நீக்கப்பட்டது. கருக்கலைப்பு பற்றிய வாசகம் ஏட்டில் நின்றுவிட்டது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கான அரசியல் சாசன உரிமையை இல்லாமல் ஆக்கியபின், தபாலில் செல்லும் மாத்திரைகளைத் தடுக்க அந்தப் பழைய வாசகத்தையே சிலர் கையில் எடுத்தனர்.

இத்தனை தீர்ப்புகளுக்கும் நடுவே நாம் மறந்துவிடக் கூடிய ஒருத்தி இருக்கிறாள்: நாள்களை எண்ணிக்கொண்டிருப்பவள். பல மாநிலங்களில் சட்டம் வாரங்களைக் கணக்கிட்டு வாசலை மூடுகிறது. தவறான கதவைத் தட்டிய பெண் இழப்பது பணத்தை அன்று, காலத்தை. அவள் என்ன முடிவெடுத்தாலும் அது அவளுடையது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை மட்டும் கதவின்மேல் எழுதி வைக்கலாம். 180 ஆண்டுகளாக அவள் கேட்டுக்கொண்டிருப்பது அவ்வளவுதான்.