கரிசல் மண்ணை உறுதிப்படுத்தும் உமிச் சாம்பல்: செயல்படுவது எப்படி?

கர்நாடகத்தின் கொள்ளேகால் பகுதியில் சிவப்பு மண்ணும் கரிசல் மண்ணும் கலந்து காணப்படுகின்றன. 1956 வரை கோவை மாவட்டத்துடன் இருந்து, பின்னர் மைசூரு மாவட்டத்தில் சேர்ந்த இவ்வூர், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. கன்னடத்தில் 'எரெ மண்ணு' எனப்படும் கரிசல், பயிருக்கு ஏற்றது; கட்டடத்துக்கு அவ்வாறன்று.

இம்மண்ணில் உள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமக் கனிமம் நீரை உறிஞ்சி விரிகிறது. கோடையில் சுருங்கி வெடிக்கிறது. பல மாடிக் கட்டடத்தின் எடை இந்த விரிவைப் பெருமளவு அடக்கிவிடும். ஓரடுக்கு வீடு, சுற்றுச்சுவர், கிராமச் சாலை போன்ற எடை குறைந்த கட்டுமானங்களே மேலெழும்பி விரிசல் காண்கின்றன. எனவே சிறிய வீடு கட்டுவோரே அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் மீண்டும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். அதாவது, 1 டன் நெல்லிலிருந்து சுமார் 40 கிலோ சாம்பல் கிடைக்கும். அதில் 85 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா உள்ளது. சுண்ணாம்பும் நீரும் சேரும்போது இந்தச் சிலிக்கா, சிமெண்டில் உருவாவதைப் போன்ற பிணைப்புப் பொருளாக மாறி மண் துகள்களைக் கட்டுகிறது. கரும்புச் சக்கையின் சாம்பலும் இவ்வாறே பயன்படுகிறது.

சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதால், அதை மட்டும் கலப்பதால் பெரும் பயன் இல்லை. சுமார் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் எரித்த உமியில் சிலிக்கா படிகமாகி வினைத்திறனை இழக்கிறது. எரிக்காத உமியையோ சக்கையையோ மண்ணில் கலப்பதும் தவறு. அவை மட்கி வெற்றிடம் ஏற்படுத்தும். சல்பேட் மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு சேர்த்தால் வீக்கம் கூடவும் வாய்ப்புண்டு.

ஆகவே மண் பரிசோதனையே முதற்படி. இந்தியத் தர நிர்ணய முறையின்படி, சலித்து உலர்த்திய மண் 10 கிராம் வீதம் நீரிலும் மண்ணெண்ணெயிலும் தனித்தனியே இடப்படுகிறது. 24 மணி நேரத்துக்குப் பின் இரண்டின் கன அளவும் ஒப்பிடப்படுகின்றன. நீரிலுள்ள மண் 50 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக விரிந்திருந்தால், அது மிக அதிகமாக விரியும் மண் ஆகும். சாம்பல், சுண்ணாம்பின் அளவும் ஆய்வகச் சோதனையின் அடிப்படையிலேயே முடிவு செய்யப்பட வேண்டும். கலவையை நன்கு இறுக்கி, பல நாள் ஈரம் காத்தால்தான் வலிமை கிடைக்கும்.

இம்முறை சாலையின் அடிமண்ணுக்கும் வீட்டுத் தரைக்கும் ஏற்றது. ஆழமான கரிசலில் வீட்டின் அடித்தளத்துக்கு, ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த, அடிப்பகுதி குமிழாக விரிந்த பைல் முறை பரிந்துரைக்கப்படுகிறது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேலடுக்கைத் தாண்டி இது சுமையை இறக்குகிறது.

எந்த முறையானாலும், சுவரோரம் மழைநீர் தேங்காமல் காப்பது கட்டாயம்.