நோயாளியை நாடிச் சென்ற கழியொலி

மருத்துவக் கருவிகளின் வரலாற்றை அவற்றின் உருவம் சிறுத்த வரலாறாக எழுதுவதே பெருவழக்கு. கழியொலிக் கருவியைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. கருவி சிறுக்கும் முன்னரே, வைத்தியர் அதனிடம் கேட்ட வினா சிறுத்துவிட்டது.

1880இல் கியூரி சகோதரர் அழுத்தமின் விளைவைக் கண்டறிந்தனர். முதலாம் உலகப் போரின்போது லாஞ்செவன் அதனை நீர்மூழ்கிகளைத் தேடுதற்குப் பயன்படுத்தினார். மருத்துவத்துட் புகுந்த ஆரம்பகாலக் கருவிகளோ விசித்திரமானவை. 1950களில் டென்வர் நகரில் டக்ளஸ் ஹவ்ரி அமைத்த கருவியொன்றில், பி-29 குண்டுவீச்சு விமானத்தின் சுடுகலக் கூட்டினுள் நீர் நிரப்பி, நோயாளியைக் கழுத்தளவு அமிழ்த்தி இருத்தினர். மலையில் வீழ்ந்து விலாவெலும்பு முறிந்த ஒருவரை அதனுள் இருத்துவதை எண்ணிப் பார்க்கலாம்! 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் குழுவினர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை வயிற்றுக் கட்டிகளைப் பற்றியது. ‘இது யாது?’ என்பதே அவர்தம் வினா.

காயப்பட்டோரிடம் கேட்கவேண்டியது அதுவன்று. ‘உள்ளே குருதி தேங்கியுள்ளதா, இல்லையா?’ என்பதே. ஐரோப்பாவில் 1970களிலேயே எழுந்த இவ்வினாவின் பெறுமதியை 1988 டிசம்பர் 7இல் நிகழ்ந்த ஆர்மீனிய நிலநடுக்கம் புலப்படுத்தியது. 72 மணித்தியாலங்களுள் 400 காயப்பட்டோரை வைத்தியர்கள் கழியொலியாற் பரிசோதித்தனர். ஒருவருக்குச் சராசரி நான்கு நிமிடமே சென்றது. முழுமையான படத்தை நாடியிருப்பின் இது கைகூடியிராது.

அமெரிக்கப் படைத்துறையின் நிதியுதவியால் உருவாகி 1999இல் விற்பனைக்கு வந்த, இரண்டரைக் கிலோகிராமும் தேறாத கருவி, இவ்வினாவை வைத்தியசாலைக்கு வெளியே கொண்டுசென்றது. நேபாளத்தில் 4,200 மீற்றருக்கு மேலுள்ள பெரிச்சேயில், உயர்மலை நோயால் நுரையீரலில் நீர் கோத்தவர்களிடம் வால்வெள்ளி போன்ற ஒளிக்கீற்றுகள் திரையிற் காணப்பட்டன. உடலில் ஒட்சிசன் அளவு தேறியபோது அவை குறைந்தன என 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்று நிறைந்த நுரையீரல் கழியொலிக்கு உகந்ததன்று என்றிருந்த எண்ணத்துக்கு இது நேர்மாறானது.

எனினும், மலைச்சரிவிற் குருதிப்பெருக்கைக் கண்டுவிட்டாற் சத்திரசிகிச்சை செய்யவியலுமா? இயலாது. உலங்குவானூர்தியில் எவரை முதலில் ஏற்றுவது என்பதையே படம் தீர்மானிக்கின்றது. முதற் பரிசோதனையிற் குருதி தென்படாமை அபாயமின்மைக்குச் சான்றுமன்று. சிறிது நேரங்கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும். கடுங்குளிரில் மின்கலம் விரைவில் வலுவிழக்குமாதலால், அதுவரை அதனை உடையினுள், உடற்சூட்டில் வைத்துக் காக்கவேண்டியுள்ளது.