மாரிகுப்பத்தின் கம்பிக்கயிறு: பழுதறிந்த கைகளின் வரலாறு

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதியவர்கள் எடுக்கப்பட்ட தங்கத்தின் எடையையும் தோண்டப்பட்ட ஆழத்தையும் விரிவாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆழத்துக்கு மனிதரை இறக்கி ஏற்றிய ஏற்பாட்டைப் பற்றியும், அதில் பழுது எங்கே தொடங்குகிறது என்று நாள்தோறும் பார்த்தறிந்தவர்களைப் பற்றியும் குறைவாகவே எழுதியிருக்கிறார்கள். வைண்டிங் எஞ்சினில் பிறக்கும் விசை இரும்பு உருளையைச் சுழற்றுகிறது. உருளையில் சுற்றியிருக்கும் கம்பிக்கயிறு, குழிவாயின் மேல் நிற்கும் கோபுரத்தின் உச்சியிலுள்ள கப்பியின் மேலேறி, ஷாப்ட் எனப்படும் செங்குத்துக் குழிக்குள் இறங்கிக் கூண்டைத் தாங்குகிறது. இவற்றில் ஒன்று கெட்டாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கே காலூன்றியது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, தங்கவயலிலுள்ள மாரிகுப்பம் வரை ரயில் பாதை வந்தபின் கனமான இயந்திரங்களைக் கொண்டுவருவது எளிதாயிற்று. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்து சேர்ந்தது.

சுரங்கங்கள் முன்பு பாரம் தூக்கப் பயன்படுத்திய சங்கிலியைக் கைவிட்டுக் கம்பிக்கயிற்றுக்கு மாறியதற்கான காரணம் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் இருக்கிறது. சங்கிலியின் ஒரே ஒரு கண்ணி முன்னறிவிப்பின்றி அறுந்தாலும் பாரம் முழுவதும் விழுந்துவிடும் என்பதைக் கண்ட அங்குள்ள சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட், சங்கிலிகளை மீண்டும் மீண்டும் பாரமேற்றிச் சோதித்தபின், 1834இல் நான்கு கம்பிகள் கொண்ட மூன்று புரிகளை முறுக்கிக் கயிறாக்கினார். அதில் ஒரு கம்பி அறுந்தாலும் எஞ்சியவை பாரத்தைத் தாங்கும். அறுந்த முனை வெளியே தெரிந்து எச்சரிக்கவும் செய்யும். இந்த முன்னறிவிப்புதான் கயிற்றின் பெரும் சிறப்பு. அதைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் அச்சிறப்பால் பயனில்லை.

கயிறு மெல்ல ஓடும்போது அதைச் சுற்றிப் பஞ்சையோ துணியையோ பிடித்தால், அறுந்த கம்பியின் முனை அதில் சிக்கும். முனை புரியின் மேடான இடத்தில் இருந்தால், கப்பியிலும் உருளையிலும் வளைந்து வளைந்து கம்பி களைத்திருக்கிறது என்று பொருள்; இரு புரிகளுக்கிடையிலான பள்ளத்தில் இருந்தால், கப்பியின் பள்ளம் தேய்ந்து கயிற்றை நெருக்குகிறதா, கயிற்றின் நடுவிலுள்ள நார்க்கரு நலிந்துவிட்டதா என்று தேட வேண்டியிருக்கும். புரிகளுக்கிடையே வெளிப்படும் செந்நிறத் தூள் உள்ளரிப்பைக் காட்டும். ஆக, குறி கயிற்றில் தெரிந்தாலும் பழுதின் வேர் பல நேரங்களில் கப்பியில் இருக்கும். விட்டம் சுருங்கி, புரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவர எடுக்கும் நீளம் கூடினால், கருவின் வலு குறைந்ததாகக் கொள்ளலாம். மிதிவண்டிச் செயினிலும் இதே தர்க்கம் உண்டு: 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 1/16 அங்குலம் கூடினால், எஃகு நீளவில்லை, ஊசிகள் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ள வேண்டும், அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பற்சக்கரமும் கெடும்.

தங்கவயலில் ஆழமே இச்சிக்கலைப் பெருக்கியது. 40 மி.மீ. விட்டமுள்ள கம்பிக்கயிறு மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ எடையிருக்கும் என்பதால், 2,000 மீட்டர் கயிறு, கூண்டைக் கட்டுவதற்கு முன்பே 12 டன்னைத் தன் மேல்நுனியில் சுமக்கும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றபோது ஒரே கயிற்றால் அவ்வளவு ஆழம் இறங்க இயலாமல், தரைக்கடியிலேயே மற்றொரு வைண்டிங் எஞ்சினை அமைத்துக் கட்டம் கட்டமாக இறங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கயிறு, தனிக் கப்பி, தனிக் கண்காணிப்பு.

1897இல் கோலாரில் 52 பேர் உயிரிழந்த விபத்தும், அடுத்து பலுசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்க விபத்தும் 1901ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தை விரைவுபடுத்தின. பின்னாளைய விதிகள் ஆறு மாதத்துக்கொருமுறை கயிற்றின் நுனியை வெட்டி, கூண்டோடு பிணைக்கும் பூணைப் புதிதாக மாட்டச் சொல்லின. வெட்டிய துண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளரிப்பு தெரியும். கயிறு குறுகுவதால் தேய்மானம் ஏற்படும் இடங்களும் இடம் மாறும்.

ஷாப்டுகள் கிபர்ட், எட்கர், டெனன்ட் என்று மேலிடத்தார் பெயர்களைப் பெற்றன. மேற்பார்வைப் பதவிகளில் நெடுங்காலம் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே இருந்தனர். உடலுழைப்பைத் தந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர், அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். கயிற்றை நம்பி இறங்கிய இவர்களுடைய பெயரை எந்த ஷாப்டும் தாங்கவில்லை என்பது இவ்வரலாற்றின் பெரும் குறை. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் அவை பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனமாயின. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டு நீரிறைப்பும் நின்றபின், ஷாப்டுகளில் தண்ணீர் ஏறியது.