ஒரே தீவு, இரு நாடுகள்

கரீபியக் கடலில் கியூபாவுக்குக் கிழக்கே ஹிஸ்பானியோலா என்னும் தீவு இருக்கிறது. 1492-ஆம் ஆண்டு டிசம்பரில் கொலம்பஸ் அதன் கரையில் இறங்கினார். புதிய உலகில் ஐரோப்பியரின் முதல் நிலையான குடியிருப்புகள் எழுந்ததும் அங்கேதான். இன்று அத்தீவை இரு நாடுகள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. மேற்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஹைட்டி. எஞ்சிய கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. இரு நாடுகளிலும் தனித்தனியே ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழ்கிறார்கள். இரண்டிலும் கத்தோலிக்க மறை ஆழ வேரூன்றியிருக்கிறது. ஒரே கடல் அவற்றைச் சூழ்ந்திருக்கிறது. ஒரே புயல் இரண்டையும் தாக்குகிறது.

ஆயினும் எல்லைக்கோட்டின் இருபுறமும் வாழ்வு ஒன்றாக இல்லை. 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, டொமினிக்கன் குடியரசில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 10,000 டாலருக்கு மேல்; ஹைட்டியில் அது 2,000 டாலருக்கும் கீழ். ஹைட்டியில் பிறக்கும் குழந்தை, எல்லைக்கு அப்பால் பிறக்கும் குழந்தையைவிட ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் குறைவாக வாழும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் 2022-ஆம் ஆண்டுக்கான மனித வளர்ச்சிப் பட்டியலில் 193 நாடுகளுள் ஒன்று 82-ஆம் இடத்திலும் மற்றொன்று 158-ஆம் இடத்திலும் இருந்தன. ஒன்றை நாடி ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். மற்றொன்றில் ஆயுதக் கும்பல்களுக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடியவர்களின் தொகை 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? 2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ஹைட்டியைப் பெரும் நிலநடுக்கம் குலுக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சின் மறைமாவட்டப் பேராலயம் இடிந்து வீழ்ந்தது. பேராயர் ஜோசப் செர்ஜ் மியோ உயிரிழந்தார். அவரோடு இலட்சத்திற்கும் மேற்பட்ட எளிய மக்கள் மாண்டனர். இடிபாடுகளிலிருந்து உடல்கள் எடுத்து முடிக்கப்படுமுன்னரே, அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஒருவர், அந்நாட்டவர் அலகையோடு உடன்படிக்கை செய்தவர்கள், ஆதலால் சபிக்கப்பட்டவர்கள் என்னும் பொருள்படப் பேசினார். பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்டபோது, பாவம் செய்தவர் யார், இவரா, இவருடைய பெற்றோரா என்று சீடர்கள் கேட்டார்கள் அல்லவா? அக்கேள்வியையே ஆண்டவர் ஏற்கவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்பதும் அவர் சொன்னதே. சாபம் என்ற விளக்கத்தை நற்செய்தி நமக்கு அனுமதிக்கவில்லை. எனவே வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

புரட்டினால் முதலில் வியப்பே மிஞ்சுகிறது. இருநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை தலைகீழாக இருந்தது. 1697-ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கைக்குப் பின் தீவின் மேற்குப் பகுதி பிரான்சின் கையில் உறுதிப்பட்டது. பிரெஞ்சுக்காரர் அங்கே கரும்பும் காப்பியும் பயிரிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே மிகுந்த வருவாய் தந்த குடியேற்ற நாடு அதுவே; ஐரோப்பா அருந்திய காப்பியில் பாதிக்கு மேல் அங்கிருந்தே வந்தது. கிழக்குப் பகுதியோ ஸ்பெயின் ஏறக்குறைய மறந்துவிட்ட மேய்ச்சல் நிலம்; மக்கள் மாடு வளர்த்து எளிமையாக வாழ்ந்தார்கள்.

மேற்கின் செல்வம் யாருடையது? ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அங்கே உழைத்தார்கள். உழைப்பின் கொடுமையால் அவர்கள் விரைவாக மடிந்தார்கள்; ஆண்டுதோறும் புதியவர்களைக் கப்பலில் ஏற்றிவந்து அந்த இடம் நிரப்பப்பட்டது. 1791-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து, 1804-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் விடுதலை முழங்கினார்கள். அடிமைகளே போரிட்டு வென்று தமக்கென ஒரு நாட்டை நிறுவியது மனித வரலாற்றில் அதுவே.

அந்த வெற்றியை உலகம் மன்னிக்கவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடு 1862-ஆம் ஆண்டு வரை ஹைட்டியை ஒரு நாடாக ஏற்கவில்லை. 1825-ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி ஓர் ஆணையை நீட்டினார்: விடுதலையை அங்கீகரிக்க வேண்டுமாயின், நிலத்தையும் அடிமைகளையும் இழந்த முன்னாள் உடைமையாளர்களுக்கு 15 கோடி பிராங்கு இழப்பீடு தர வேண்டும். அடிமையாக இருந்தவர், தம்மை அடிமையாக வைத்திருந்தவருக்குத் தம் விலையைத் தாமே கட்டவேண்டும் என்பதே இதன் பொருள். முதல் தவணையைக் கட்டவே கருவூலத்தில் பணம் இல்லாமையால், பாரீஸ் வங்கிகளில் 3 கோடி பிராங்கு கடன் வாங்கினார்கள். அதில் 60 இலட்சத்தை வங்கிகள் தரகாகப் பிடித்துக்கொண்டன. 1838-இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. எனினும் கடனுக்கு மேல் கடன் வாங்கி, அது தொடர்பான கணக்கு முற்றிலும் தீர்ந்தது 1947-இல்தான். உழவரின் காப்பிமீது விதித்த வரி பள்ளிக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் போகாமல் கப்பலேறியது. விலையுயர்ந்த மரங்களும் அவ்வாறே கப்பலேறின.

கிழக்குப் பகுதிக்கு இத்தகைய சுமை இல்லை. ஆனால் அதற்கும் வேறொரு காயம் உண்டு. 1822 முதல் 1844 வரை ஹைட்டியே அதனைக் கைப்பற்றி ஆண்டது. இழப்பீட்டுச் சுமையில் ஒரு பகுதியை அம்மக்கள்மீதும் ஏற்ற முயன்றது. ஆகவே டொமினிக்கர்கள் தம் விடுதலை நாளைக் கொண்டாடுவது ஸ்பெயினிடமிருந்து பிரிந்ததற்காக அன்று. 1844 பிப்ரவரி 27-இல் ஹைட்டியிடமிருந்து பிரிந்ததற்காக. அயலான்மீது கொண்ட அச்சத்தை அரசியல்வாதிகள் பின்னாளில் நன்கு பயன்படுத்திக்கொண்டார்கள். சர்வாதிகாரி ட்ருஹியோ 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹைட்டியரைப் படைவீரரைக்கொண்டு ஆயிரக்கணக்கில் கொல்லச் செய்தார். இரத்தத்திற்கு ஈடாக இறுதியில் அவர் அரசு ஒப்புக்கொண்ட தொகை 5,25,000 டாலர்.

இவ்வளவும் நடந்த பின்னரும், 1960-ஆம் ஆண்டில் இரு நாடுகளின் சராசரி வருமானம் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது என்று பொருளியலறிஞர் கணக்கிட்டிருக்கிறார்கள். இது கருதத்தக்க செய்தி. இன்றைய பெரும் பிளவு பெரும்பாலும் அதன் பின்னரே விளைந்தது. அடுத்த 45 ஆண்டுகளில் ஒரு நாட்டின் வருமானம் மூன்று மடங்காகியது. மற்றதன் வருமானம் பாதியாகியது. ஆகவே பழைய கடன் மட்டுமே காரணம் என்று சொல்லி முடித்துவிடவும் இயலாது. அது ஹைட்டியின் அடித்தளத்தை அரித்தது. அதன்மேல் நல்ல கட்டடம் எழும்பவிடாமல் தடுத்தவர்கள் பலர்.

அவர்களுள் உள்நாட்டவர் முதன்மையானவர்கள். 1961-இல் ட்ருஹியோ கொல்லப்பட்ட பின், கலகங்களையும் அந்நியப் படையெடுப்பையும் கடந்து, டொமினிக்கன் குடியரசு மெல்ல மெல்லத் தேர்தல்களுக்கும் நிலையான ஆட்சிக்கும் பழகியது. ஹைட்டியிலோ 1957 முதல் 1986 வரை டுவாலியே தந்தையும் மகனும் அரசாங்கத்தைத் தம் குடும்பச் சொத்தாக ஆண்டார்கள். கற்றவர்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். 1983-ஆம் ஆண்டு மார்ச்சில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் போர்ட்-ஓ-பிரின்சில் இறங்கி, இங்கே ஏதேனும் மாறியாக வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். ஆட்சியாளர் முன்னிலையில் எழுந்த அக்குரல் மக்களுக்குத் துணிவு தந்தது. மூன்று ஆண்டுகளில் அவ்வாட்சி வீழ்ந்தது. ஆனால் அதன் இடத்தில் நிலையான ஆட்சி அமையவில்லை.

அடுத்தது அடுப்பு. தீவின் எல்லையை வானிலிருந்து எடுத்த படங்களில் ஒருபுறம் பசுமையும் மறுபுறம் பழுப்பும் தெரிவதுண்டு. கிழக்கில் மழை சற்று மிகுதி என்பது உண்மை. ஆனால் அதுமட்டுமன்று. டொமினிக்கன் அரசு 1967-இல் மரம் அறுக்கும் ஆலைகளை மூடியது. காடழிப்போரைக் கடுமையாக ஒடுக்கியது. பின்னர் சமையல் எரிவாயுவை மலிவு விலையில் மக்களுக்குக் கொடுத்தது. ஹைட்டியின் நகரங்கள் இன்றும் மரக்கரியில்தான் சமைக்கின்றன. வேறு வருவாய் இல்லாத மலைக்குடியானவன் மரத்தை வெட்டிக் கரியாக்கி விற்கிறான். மழை வரும்போது அவன் மண்ணே கடலுக்குப் போகிறது. அவன் அறியாமையால் மரத்தை வெட்டுகிறான் என்று சொல்வோர், அவன் வீட்டு அடுப்புக்கு மாற்று தந்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெளியார் செய்த நன்மைகளும் சில வேளை தீமையாயின. 1970-களின் இறுதியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீவில் பரவியது. அமெரிக்காவுக்கும் அது பரவிவிடும் என்ற அச்சத்தால், 1983-க்குள் ஹைட்டியின் நாட்டுப் பன்றிகள் யாவும் கொல்லப்பட்டன. கழித்ததைத் தின்று வளரும் அப்பன்றிதான் ஏழைக் குடும்பத்தின் சேமிப்பு. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், திருமணமும், அடக்கச் செலவும் அதை விற்றே நடந்தன. மாற்றாகக் கொடுக்கப்பட்ட வெளிநாட்டுப் பன்றிகளுக்குத் தீனியும் கொட்டகையும் தர அவர்களால் இயலவில்லை. பின்னர் 1995-இல், வெளி நெருக்குதலால், அரிசிமீதான இறக்குமதி வரி 50 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்நாட்டு நெல் உழவர் நிலத்தைவிட்டு நகரச் சேரிகளுக்குப் பெயர்ந்தார்கள். அக்கொள்கையில் பங்கு கொண்ட முன்னாள் அதிபர் கிளின்டன், அது தவறு என்று 2010-இல் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். சேரிகளில் நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள்மீதுதான் அதே ஆண்டு நிலநடுக்கம் விழுந்தது.

இவ்வாறு கூறுவதால் கிழக்கு நாடு குற்றமற்றது என்றாகிவிடாது. அதன் கரும்புத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டியவர்கள் ஹைட்டியர்களே. அவர்களுடைய பிள்ளைகள் அந்த மண்ணிலேயே பிறந்து, அம்மொழியையே பேசி வளர்ந்தார்கள். ஆயினும் 2013-ஆம் ஆண்டு அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், 1929 வரை பின்னோக்கிச் சென்று, உரிய ஆவணமின்றிக் குடியேறியவர்களுக்குப் பிறந்தோர் குடிமக்கள் அல்லர் என்று தீர்ப்பளித்தது. உலகின் கண்டனத்திற்குப் பின் 2014-இல் இயற்றிய சட்டம் ஒரு பகுதியினருக்கே தீர்வு தந்தது. அதே நாடுதான் 2010-இல் நிலநடுக்கம் நேர்ந்தவுடன் உதவியோடு முதலில் ஓடிவந்தது என்பதையும் நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே மக்களின் செயல்களே.

இத்தீவைப் பற்றி எண்ணும்போது கத்தோலிக்கராகிய நாம் மறக்கலாகாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1511-ஆம் ஆண்டு, திருவருகைக் காலத்தின் ஒரு ஞாயிறு. சாந்தோ தொமிங்கோ நகரின் ஆலயத்தில் ஸ்பானிய நிலக்கிழார்கள் திருப்பலிக்குக் கூடியிருந்தார்கள். புனித சாமிநாதர் சபைத் துறவியாகிய அந்தோனியோ தெ மொந்தேசீனோஸ் பீடத்தருகே நின்று, அத்தீவின் பூர்வ குடிகளை இவ்வளவு கொடிய உழைப்பில் வதைக்க உங்களுக்கு உரிமை தந்தவர் யார், அவர்களும் மனிதர்கள் அல்லரோ என்னும் கருத்தில் மறையுரை ஆற்றினார். கேட்டவர்கள் கொதித்தெழுந்து, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறும் அவர் அதையே பேசினார். அத்தீவில் அடிமை உழைப்பால் வாழ்ந்த பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் சில ஆண்டுகளுக்குப் பின் மனம் மாறி, தம் உடைமையைத் துறந்து, வாழ்நாளெல்லாம் பூர்வ குடிகளுக்காக வாதாடினார். அந்த மறையுரையின் செய்தியை நமக்குக் காத்துத் தந்தவரும் அவரே.

மொந்தேசீனோஸ் அன்று பேசியது ஏழைகளிடம் அன்று, முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களிடம். ஏழையின் நிலைக்குக் காரணம் தேடியவர், அவனுடைய குறையில் தொடங்காமல், அவனால் வாழ்ந்தவர்களின் கணக்கில் தொடங்கினார். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அதே முறைதான் நமக்கும் ஏற்றது. ஹைட்டியின் வறுமைக்குத் தேதிகள் உண்டு, தொகைகள் உண்டு, கையெழுத்திட்டவர்கள் உண்டு. அவர்களுள் அந்நியரும் உண்டு, அந்நாட்டவரும் உண்டு. 1825-ஆம் ஆண்டு ஆணைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2025 ஏப்ரலில், அதன் விளைவுகளை ஆராய இரு நாட்டு வரலாற்றறிஞரைக் கொண்ட குழு அமைக்கப்படும் என்று பிரெஞ்சு அதிபர் அறிவித்தார். பணம் திரும்புமா என்பது வேறு. கணக்கேட்டைத் திறக்கவாவது இசைந்தார்கள்.

மனிதர் செய்ததை மனிதர் மாற்றவும் இயலும் என்பதே இந்த வரலாறு தரும் நம்பிக்கை. சாபத்திற்கு மருந்தில்லை; அநீதிக்கு உண்டு. வறியதொரு நாட்டையோ, நம் தெருவில் வறியதொரு குடும்பத்தையோ காணும்போது, இவர்கள் செய்த பிழை என்ன என்று உதட்டளவில் எழும் கேள்வியைச் சற்றே நிறுத்தி, இவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்ன, எடுத்ததில் நமக்கும் பங்கு உண்டா என்று கேட்டுப் பார்ப்போம். ஆலயத்தின் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி அன்று இனிமையாக இல்லை, நமக்கும் இராது.