வார இறுதியில் ஒரு கிரேக்கத் தீவுத் துறைமுகம்: ஹன்யாவுக்கு 45 மணி நேரம் போதுமா?

கிரீஸ் என்றதும் சமூக வலைதளத்தில் வரிசையாக வருவது சான்டொரினியின் வெள்ளைச் சுவர்கள். ஆனால் கையில் இரண்டே நாள் இருக்கிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம், கிரீட் தீவின் வடமேற்குக் கரையில் இருக்கும் பழைய துறைமுக நகரம் ஹன்யா. வரைபடத்தில் ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'சானியா' என்று படிக்கத் தோன்றும். அங்கே போய்க் கேட்கும்போது 'ஹன்யா' என்றே கேளுங்க.

யாருக்கு இது வார இறுதி?

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இரண்டு நாளுக்காகக் கிளம்பாதீங்க. பயண நேரமே விடுமுறையை விழுங்கிவிடும். இந்தத் திட்டம் இரண்டு தரப்புக்குத்தான். ஒன்று, ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளில் வேலை பார்ப்பவர்கள். அந்த நாட்டுக் குடியிருப்பு அனுமதி இருந்தால் தனி விசா வேண்டாம். எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும் கையில் இருக்கட்டும். இரண்டு, அலுவலக வேலையாக ஷெங்கன் விசாவில் ஐரோப்பா போய், இரண்டு நாள் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள்.

லண்டனில் இருப்பவர்கள் கவனிங்க: பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அந்த நாட்டு விசாவை வைத்துக்கொண்டு இந்திய பாஸ்போர்ட்டில் கிரீஸுக்குள் நுழைய முடியாது.

விசாவில் எந்த எண்ணைப் பார்க்கணும்?

பலரும் தடுமாறுவது இங்கேதான். விசா ஸ்டிக்கரில் 'எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை' என்பது ஒன்று, 'எத்தனை நாள் தங்கலாம்' என்பது வேறொன்று. முதலாவது 25 நாள் காட்டலாம். இரண்டாவது 8 என்று இருந்தால் 8 நாள்தான். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அதில் சேரும். திங்கட்கிழமை காலை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, வெள்ளி வரை கூட்டம், வார இறுதி ஹன்யா, மறு திங்கள் ஊருக்கு விமானம் என்றால் கணக்கு 8 நாள். 7 நாள் விசா என்றால் ஹன்யாவை மறந்துவிட வேண்டியதுதான்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் விரல் ரேகை, முகப்படத்துடன் வருகையைப் பதிவு செய்யும் கணினி முறை அமலுக்கு வரத் தொடங்கியது. கூடுதலாகத் தங்கிய நாளை இனி முத்திரைகளை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அமைப்பே சொல்லிவிடும். அதனால் விண்ணப்பிக்கும்போதே அந்த இரண்டு நாளையும் பயணத் திட்டத்தில் காட்டிவிடுங்க. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கணும்.

45 மணி நேரக் கணக்கு

வெள்ளி இரவு 9 மணிக்கு இறங்கி ஞாயிறு மாலை 6 மணிக்குக் கிளம்பினால் 45 மணி நேரம். தூக்கத்துக்கு 15, விமான நிலையம் போக, வர, காத்திருக்க 4. மிச்சம் 26. எலஃபோனிசி கடற்கரைக்குப் போய்வர மட்டுமே மூன்றரை, நான்கு மணி நேரம் சாலையில் போகும். சமாரியா பள்ளத்தாக்கு 16 கிலோமீட்டர் நடை. ஒரு முழு நாள். இரண்டும் அருமையான இடங்கள்தான், ஆனால் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். கோட்டைச் சுவருக்குள் இருங்க.

கோடையில் பல ஐரோப்பிய நகரங்களிலிருந்து நேரடி விமானம் உண்டு. குளிர்காலத்தில் பெரும்பாலும் ஏதென்ஸ் வழிதான். அங்கிருந்து சுமார் 50 நிமிடம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலும் இருக்கு, சுமார் 9 மணி நேரம், பக்கத்து சூடா துறைமுகத்தில் இறக்கிவிடும். காற்று பலமாக அடித்தால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். வேலைநிறுத்தமும் அடிக்கடி வரும். போகும்போது கப்பல் சரி, திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறவர்கள் திரும்ப விமானத்தையே எடுங்க. மே அல்லது அக்டோபர் நல்ல காலம்.

விடுதி விலையோடு இன்னொரு செலவும் உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறைக்கு, ஓர் இரவுக்குக் காலநிலை வரி: 2025 விகிதப்படி 3 நட்சத்திர விடுதிக்கு 5 யூரோ, 4 நட்சத்திரத்துக்கு 10, 5 நட்சத்திரத்துக்கு 15. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் இது பல நேரம் இருக்காது. விடுதி கவுன்டரில் கேட்பார்கள்.

எதைப் பார்க்கலாம்?

துறைமுகத்தை அமைத்தவர்கள் வெனிஸ்காரர்கள். கப்பல் பழுதுபார்க்க அவர்கள் கட்டிய வளைவுக் கூடங்கள் ஒரு காலத்தில் 17. இன்று அவற்றில் ஏழு ஒரே வரிசையாக நிற்கின்றன. 1645இல் ஒட்டோமான் துருக்கியர் நகரைப் பிடித்தார்கள். கரையோரம் குவிமாடங்களோடு தெரியும் மசூதி அவர்களுடையது. கலங்கரை விளக்கத்தின் அடித்தளம் வெனிஸ் காலத்தது; மேலே மினார் மாதிரி தெரியும் உடல், 19ஆம் நூற்றாண்டில் எகிப்தியர் ஆதிக்கத்தில் எழுந்தது. உள்ளே விடமாட்டார்கள். ஆனால் துறைமுகத்தைச் சுற்றி அதன் அடிவரை நடக்க அரை மணி நேரம் போதும். கைப்பிடிச் சுவர் கிடையாது, கல் வழுக்கும். நல்ல ஷூ போடுங்க.

ஸ்ப்ளான்ட்சியா சதுக்கத்தில் உள்ள புனித நிக்கோலஸ் தேவாலயத்தைத் தவறவிடாதீங்க. ஒரு பக்கம் மணிக்கூண்டு, மறுபக்கம் மினார். கத்தோலிக்கத் துறவிகளின் ஆலயமாகத் தொடங்கி, மசூதியாகி, பிறகு ஆர்த்தடாக்ஸ் தேவாலயமானது. அங்கே தொழுத முஸ்லிம்களின் சந்ததியினர் இன்று ஊரில் இல்லை. 1923இல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம், கிரீட்டில் மிஞ்சியிருந்த முஸ்லிம்களைக் கடல் தாண்டி அனுப்பியது.

யூதர்களுக்கு நடந்தது இன்னும் கொடுமை. 1944 மே மாதம் ஜெர்மானியப் படை ஹன்யாவின் யூதர்கள், 250க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அவர்களை ஏற்றிச் சென்ற தனாயிஸ் கப்பலை ஜூன் 9 அன்று, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல், பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தகர்த்தது. அவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாழடைந்து கிடந்த அவர்களுடைய எட்ஸ் ஹாயிம் தொழுகைக்கூடம் 1999இல் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய நகரத்தின் சின்னச் சந்து ஒன்றில் இருக்கு.

தொல்லியல் அருங்காட்சியகம் 2022இல் கிழக்கே ஹலேபா பகுதிக்கு மாறிவிட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி நகருக்குள் தேடாதீங்க.

சாப்பாடு

துறைமுகத்தை ஒட்டிய உணவகங்களில் நீங்கள் காசு கொடுப்பது காட்சிக்கு. ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டு ஸ்ப்ளான்ட்சியா பக்கம் நடங்க. சைவர்களுக்குக் கவலை இல்லை. தாகோஸ் என்பது மொறுமொறு பார்லி ரொட்டி மேல் தக்காளி, சீஸ், ஆலிவ் எண்ணெய். பூரேக்கி என்பது சுரைக்காய் வகையான சுக்கினியும் உருளைக்கிழங்கும் சீஸும் புதினாவும் சேர்த்துச் சுட்டது. நோன்பு உணவைக் குறிக்கும் 'நிஸ்திசிமா' என்ற சொல்லைச் சொன்னால் கறி, பால், முட்டை இல்லாததைத் தருவார்கள். ஆனால் கணவாயும் இறாலும் அவர்களுக்கு நோன்பு உணவுதான். அது வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்க.