நல்லொழுக்கம் என்னும் சொல்லும் ஒரு துப்பாக்கிச் சட்டமும்: வட கரோலினா, 1919–2023

நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் வாசிக்கவும்.

அமெரிக்கத் துப்பாக்கி அரசியல் பற்றி நம் கருத்தரங்குகளில் எழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. கட்டுப்பாட்டைக் கேட்போர் முற்போக்காளர், தளர்த்தக் கேட்போர் பிற்போக்காளர், அவ்வளவே. இப்பகுப்பு தேர்தல் நேரத்து வாக்கு எண்ணிக்கைக்குப் பொருந்தலாம், வரலாற்றுக்குப் பொருந்தாது. 2023 மார்ச்சில் வட கரோலினா மாநிலத்தில் நிறைவேறிய ஒரு சட்டமுன்வரைவை முன்வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

அம்முன்வரைவின் எண் செனட் 41. கைத்துப்பாக்கி வாங்க விரும்புவோர் தம் கவுண்டியின் ஷெரிஃபிடம் முன் அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்ற விதியை அது நீக்கியது. அவ்விதி 1919ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. ஏறத்தாழ இதே நோக்குடைய ஒரு முன்வரைவை ஆளுநர் ராய் கூப்பர் 2021இலேயே வீட்டோ செய்திருந்தார். 2023இலும் செய்தார். ஆனால் இம்முறை மாநில மேலவை 30–19 என்றும் கீழவை 71–46 என்றும் வாக்களித்து அந்த வீட்டோவை முறியடித்தன. கீழவையில் ஜனநாயகக் கட்சியினர் மூவர் வாக்கெடுப்பின்போது அவையில் இல்லை. முறியடிப்பு அதனால்தான் கைகூடியது. மார்ச் 29 அன்றே சட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆதரவு திரட்டியவர்கள் எவ்வாறு வாதிட்டனர் என்பதே என் ஆர்வம். துப்பாக்கி உரிமை அமைப்புகளின் வழக்கமான முழக்கங்களை இங்கே விட்டுவிடலாம். அவர்கள் முன்வைத்த வாதங்களுள் மூன்று கவனத்துக்குரியவை. முதலாவது, இச்சீட்டு தேவையற்ற இரட்டிப்பு என்பது. உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்குவோரைச் சோதிக்க எஃப்பிஐ நடத்தும் தேசிய உடனடிச் சோதனை முறை 1998 நவம்பர் முதல் இயங்குகிறது. மாநிலச் சீட்டோ ஐந்தாண்டு செல்லும். சீட்டு பெற்றபின் ஒருவர் குற்றவாளியாகத் தீர்ப்பிடப்பட்டாலும் அத்தாள் அவர் கையிலேயே இருக்கும். சீட்டு வைத்திருப்பவர் கடையில் புதிய சோதனைக்கு உட்படவும் தேவையில்லை. இரண்டாவது, தாமதம். பதினான்கு நாளில் முடிவு சொல்லவேண்டும் என்று சட்டம் கூறியும் பெருநகரக் கவுண்டிகளில் விண்ணப்பங்கள் தேங்கின. 2020 மார்ச்சில், பெருந்தொற்றின் தொடக்கத்தில், வேக் கவுண்டி ஷெரிஃப் விண்ணப்பம் பெறுவதையே சில காலம் நிறுத்தினார், வழக்கு தொடரப்பட்டது.

மூன்றாவது வாதமே கூர்மையானது. இச்சட்டம் ஜிம் குரோ காலத்துப் பிள்ளை. கறுப்பின மக்கள் கையில் ஆயுதம் சேராதிருக்கவே வெள்ளையர் ஆட்சி இதைப் பெற்றெடுத்தது. ஆகவே இதை நீக்குவது குடியுரிமைச் செயல் என்றார்கள்.

இதைக் கேட்டவுடன் உதட்டைப் பிதுக்குவது எளிது. குடியரசுக் கட்சியினருக்குத் திடீரென்று கறுப்பின வரலாற்றில் அக்கறை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் நியாயமானதே. எனினும், சொல்பவர் யார் என்பதைக் கொண்டு சொல்லப்பட்டதைத் தள்ளுவது ஆய்வு முறையாகாது.

வட கரோலினாவில் ஆயுத உரிமத்தின் முதல் வடிவமே நிறத்தால் எழுதப்பட்டது. 1840களின் தொடக்கத்தில், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கவுண்டி நீதிமன்றத்தின் உரிமம் பெறவேண்டும் என்று ஒரு சட்டம் வகுத்தது; வெள்ளையருக்கு அத்தேவை இல்லை. 1844இல் நியூசம் வழக்கில் மாநில உச்சநீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லுபடியாக்கியது. 1857இல் ட்ரெட் ஸ்காட் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி டானி, கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்றால் நேரும் ‘விபரீதங்களுள்’ அவர்கள் விரும்பிய இடமெல்லாம் ஆயுதம் ஏந்திச் செல்வதையும் எண்ணிச் சொன்னார். பின்னர் வில்மிங்டன். 1898 நவம்பர் 10 அன்று அத்துறைமுக நகரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியை வெள்ளை மேலாதிக்கத்தினர் ஆயுதமேந்திக் கவிழ்த்தனர். அதற்கு முந்தைய வாரங்களில் நகர வணிகர்கள் வெள்ளையருக்குத் துப்பாக்கி விற்றுக்கொண்டே கறுப்பினத்தவருக்கு விற்க மறுத்தனர். கொல்லப்பட்டோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் உடன்பாடு இல்லை. இரண்டாண்டுக்குப் பின், 1900இல், அதே அணியினர் எழுத்தறிவுத் தேர்வை மாநில அரசியலமைப்பில் சேர்த்தனர்.

எழுத்தறிவுத் தேர்வையும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படிப்பது பயன் தரும். இரண்டிலும் நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதலாவதில் வாக்காளர் பதிவு அலுவலரின் மனநிறைவு. இரண்டாவதில் அனுமதி வழங்கும் அதிகாரியின் மனநிறைவு. விண்ணப்பதாரர் ‘நல்லொழுக்கம்’ உடையவர் என்று அவ்வதிகாரி நம்பவேண்டும். மொழியியலில் இத்தகைய சொற்களை நாம் நன்கறிவோம். ‘இருபத்தொரு வயது நிரம்பியவர்’ என்பதன் உண்மையைப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு தீர்மானிக்கலாம். ‘நல்லொழுக்கம் உடையவர்’ என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? அச்சொல்லின் பொருள் அகராதியில் இல்லை; மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரிடம் இருக்கிறது. சட்டத்தின் வாசகம் நிறமற்றதாக இருக்க, வாசிப்பவர் நிறத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. 1919 என்றவுடன் பலரும் ‘சிவப்புக் கோடை’ என்று அழைக்கப்படும் அவ்வாண்டின் இனக்கலவரங்களைச் சட்டத்துக்குக் காரணமாகக் காட்டுகின்றனர். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. மாநில அவை கூடிக் கலைந்தது கோடைக்கு முன்னரே. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய கறுப்பினப் படைவீரர்களைப் பற்றிய அச்சம் காற்றில் இருந்தது என்று சொல்லலாம். அதற்குமேல் வாசகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நோக்கத்தை நிறுவ இயலாது. புளோரிடாவில் நிலை வேறு. 1893ஆம் ஆண்டு இயற்றப்பட்ட அம்மாநில ஆயுதச் சட்டம் கறுப்பினத் தொழிலாளரை நிராயுதபாணியாக்கவே எழுதப்பட்டது, வெள்ளையருக்குப் பொருந்தும் என்று எவரும் கருதியதில்லை என்று அம்மாநில உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவரே 1941இல் தீர்ப்புரையில் பதிவு செய்தார். அப்படியொரு வாக்குமூலம் எல்லா மாநிலத்துக்கும் கிடைப்பதில்லை.

நடைமுறை பற்றிய சான்றுகள் இன்னும் வலுவானவை. 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டபின் அவர் அலபாமாவில் துப்பாக்கி ஏந்த உரிமம் கேட்டார், மறுக்கப்பட்டது. வட கரோலினாவின் மன்ரோ நகரில் ராபர்ட் வில்லியம்ஸ் குடியுரிமை அமைப்பின் கிளைத் தலைவராக இருந்துகொண்டே தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் பட்டயம் பெற்ற சங்கம் ஒன்றைத் தொடங்கி, 1957இல் கு கிளக்ஸ் கிளானைத் துப்பாக்கியால் எதிர்கொண்டார். பத்தாண்டு கழித்துக் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் வெளிப்படையாக ஆயுதம் ஏந்தியபோது அதைத் தடைசெய்த மல்ஃபோர்டு சட்டத்தில் கையொப்பமிட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். அதை அதே துப்பாக்கிச் சங்கம் ஆதரித்தது. நூற்றாண்டு கடந்தும் வடு ஆறவில்லை: வேக் கவுண்டியின் தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஒரு சட்ட ஆய்வுக் கட்டுரை, கறுப்பின விண்ணப்பதாரர் நிராகரிக்கப்படும் விகிதம் வெள்ளையருடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது.

எனவே அவர்கள் சொன்ன வரலாறு, மிகைகளைக் கழித்தால், உண்மைதான். அவ்வரலாற்றிலிருந்து அவர்கள் சென்றடைந்த முடிவு வேறு செய்தி. பழுது அதிகாரியின் விருப்புரிமையில் இருந்தது, சோதனையில் இல்லை. ஆங்கிலச் சட்டமொழியில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு துணைவினையில் அடங்கும்: அதிகாரி வழங்க‘லாம்’ என்பதற்கும் வழங்க ‘வேண்டும்’ என்பதற்கும் உள்ள தொலைவு அது. நல்லொழுக்கம் என்ற சொல்லை நீக்கி, தகுதியின்மைகளைப் பட்டியலிட்டு, மறுப்புக்கு எழுத்தில் காரணம் கேட்டு, மேல்முறையீட்டுக்கு வழி செய்திருந்தால் ஜிம் குரோவின் எச்சம் போயிருக்கும், சோதனை நின்றிருக்கும். முன்வரைவை ஆதரித்தோர் அப்பாதையைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஏன் என்பதற்கான விடை, ‘இரட்டிப்பு’ என்ற முதல் வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. 1981இல் ரீகன் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் காயமுற்ற ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், உரிமம் பெற்ற வணிகரை மட்டுமே சோதனைக்குக் கட்டுப்படுத்துகிறது. தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்பதை அது தொடுவதில்லை. 1919ஆம் ஆண்டுச் சட்டமோ விற்பனை, கொடை, கைமாற்றம் அனைத்துக்கும் சீட்டைக் கேட்டது. கடைக்குள் அது இரட்டிப்பு. கடைக்கு வெளியே அது ஒற்றைக் காவல். அத்துடன், ஷெரிஃப் அலுவலகத்துக்கு உள்ளூர்ப் பதிவேடுகள் கைவசம் உண்டு. தேசியச் சோதனையோ மூன்று வேலை நாளில் முடியாவிட்டால் வணிகர் விற்றுவிடலாம். 2015இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரக் கறுப்பினத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனுக்குத் துப்பாக்கி கிடைத்தது அவ்விடைவெளியில்தான். மிசௌரி மாநிலம் இத்தகைய சீட்டு முறையை 2007இல் நீக்கியபின் துப்பாக்கிக் கொலை விகிதம் சுமார் 23 விழுக்காடு கூடியதாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் மதிப்பிட்டனர். ஒரே மாநிலத்தைக் கொண்டு காரணத்தை நிறுவ முடியுமா என்று கேட்போர் உண்டு, கேட்கத்தான் வேண்டும். ஆயினும் அமெரிக்காவில் துப்பாக்கிக் கொலைக்கு மக்கள்தொகை விகிதத்தை மிஞ்சிப் பலியாவோர் கறுப்பின இளைஞர்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களின் முன்னோர் பெயரால் திரட்டிய ஆதரவைக் கொண்டே அவர்களைக் காக்கக்கூடிய ஒரு வேலி அகற்றப்பட்டது.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது அமெரிக்காவைப் பற்றிய பதிவாகவே இருந்துவிடும். ஆனால் அந்நாட்டுத் துப்பாக்கி உரிமைப் பரப்புரையில் இந்தியா நெடுநாளாக இடம்பெற்று வருகிறது. காந்தியின் தன்வரலாற்றில், ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் ஆகக் கொடிய செயல்களுள் ஒன்றாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. அதைப் பதாகையிலும் சட்டையிலும் அச்சிடுவோர் அடுத்த வாக்கியத்தை அச்சிடுவதில்லை. அது 1918இல் கேடா மாவட்டத்தில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்கக் காந்தி வெளியிட்ட துண்டறிக்கையின் வாசகம். ஆயுதச் சட்டம் நீங்கவேண்டுமானால் அரசின் படையில் சேருங்கள் என்பதே அவர் வேண்டுகோள்.

அவர் குறித்த சட்டம் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம். அதே ஆண்டில் அதே ஆட்சி கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் நான்கே ஆண்டில் நீக்கப்பட்டது; ஆயுதச் சட்டம் 1959 வரை நின்றது. பேனாவைவிட நாட்டுத் துப்பாக்கிக்கு அரசு அதிகம் அஞ்சியது போலும். ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம் என்பதே அதன் நடைமுறை. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் இச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தை அண்மையில் மறுபடியும் படித்தபோது இரண்டு கூறுகள் என்னை நிறுத்தின. தனிமனிதரையோ குறிப்பிட்ட சமூகத்தாரையோ வகுப்பாரையோ அரசு விலக்கிவைக்கலாம் என்று அத்தீர்மானமே ஒப்புக்கொள்கிறது. அவ்வாறு விலக்குவதற்கான காரணம் எழுத்தில் பதிவாகி வெளியிடப்படவேண்டும் என்றும் கோருகிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871 முதல் நடப்பில் இருந்த நாட்டில் முதற்கூறு யாரைக் குறித்தது என்பதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது. இரண்டாம் கூறோ வட கரோலினாவின் சட்டமியற்றியோர் முன் 2023இலும் வைக்கத்தக்கது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமை, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு, 1931 கராச்சித் தீர்மானத்திலும் இடம்பெற்றது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொணர்ந்தபோது அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. அன்னியர் ஆட்சியில் உரிமையாகத் தெரிந்தது தன்னாட்சியில் ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. காலனிய விலக்குகளுள் ஒன்று இன்றும் உயிரோடிருக்கிறது: குடகு மக்களுக்கு அளிக்கப்பட்ட உரிம விலக்கை ஒன்றிய அரசு 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது.

வட கரோலினாவில் இப்போது கடையில் கைத்துப்பாக்கி வாங்குவோர், மறைத்து ஏந்தும் உரிமம் இல்லாதவராயின், ஒவ்வொரு முறையும் தேசியச் சோதனைக்கு உட்படுகின்றனர். முன்னர் ஐந்தாண்டுச் சீட்டோடு வந்தவர்களுக்கு இது புதிய கெடுபிடி. கடைக்கு வெளியே, வாகன நிறுத்தத்தில் ஒருவர் மற்றொருவருக்கு விற்கும் கைத்துப்பாக்கிக்கு எந்தச் சீட்டும் தேவையில்லை.