கொசு வந்தால் நோயும் வந்துவிடுமா? புதிய ஊருக்கான ஆபத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? புதுக்கோட்டை முதல் மன்னார் வரை ஒரு விளக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் இருந்து விசைப்படகு கிளம்பினால் பாக் நீரிணை. அதற்கு அந்தப் பக்கம் இலங்கை. இரண்டு கரையிலும் கிட்டத்தட்ட ஒரே வெயில், ஒரே மழைக்காலம். ஆனால் மலேரியா விஷயத்தில் இரண்டும் வேறு வேறு.

இலங்கையை 'மலேரியா இல்லாத நாடு' என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்தது. இந்தியாவில் மலேரியா வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லை. 2030-க்குள் ஒழிப்பது என்பது இங்கே இன்னும் இலக்குதான்.

இலங்கைக்கு அந்தச் சான்று கிடைத்து மூன்றே மாதம். 2016 டிசம்பரில் மன்னார் தீவில், அதுவரை அந்நாட்டில் பதிவாகாத ஒரு கொசு சிக்கியது. பெயர் அனோஃபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அதே கொசு! (கொசுவுக்கு அங்கே 'நுளம்பு' என்று பெயர்.) தென்னிந்தியாவில் இருந்து கடல் கடந்து போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான்.

வழக்கமாக மலேரியா கொசு என்றால் வயல், வாய்க்கால், ஆற்றுக்குட்டை என்று கிராமத்துப் பக்கம் தேடுவார்கள். ஸ்டீபன்சி அப்படியில்லை. மேல்நிலைத் தொட்டி, சிமென்ட் தொட்டி, வீட்டுக் கிணறு என்று மனிதர்கள் தண்ணீர் சேர்த்து வைக்கும் இடத்தில் வளரும். மன்னாரிலும் அது வீட்டுக் கிணறுகளில் இருந்தது. பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டது.

கொசு வந்துடுச்சு... நோயும் வந்துடுச்சா?

இல்லை. மன்னாரில் அந்தக் கொசுவால் மலேரியா வெடிக்கவில்லை. காரணம் எளிது. கொசு பிறக்கும்போதே மலேரியாக் கிருமியோடு பிறப்பதில்லை. கிருமி உள்ள ஒரு மனிதரைக் கடித்தால்தான் அதற்குக் கிருமி கிடைக்கும். கிருமியே இல்லாத ஊரில் அது வெறும் கடிக்கிற கொசு, அவ்வளவுதான்.

ஆனால், இதை நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் இதே ஸ்டீபன்சி 2012-ல் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-ல் 73 ஆயிரத்துக்கும் மேல். கொசு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், பெரும்பங்கு அதற்குத்தான் என்று கருதப்படுகிறது.

இன்னொரு கதை இத்தாலியில் நடந்தது. 'புலிக்கொசு' எனப்படும் ஏடிஸ் அல்போபிக்டஸ், பழைய டயர்களோடு 1990 வாக்கில் அங்கே போய்ச் சேர்ந்தது. பல ஆண்டுகள் கடிப்பதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. 2007 கோடையில் கேரளாவுக்குப் போய்த் திரும்பிய ஒருவர் காய்ச்சலோடு காஸ்டிலியோனே டி செர்வியா என்ற கிராமத்துக்கு வந்தார். சிக்குன்குனியா. அந்தப் பகுதியில் 200-க்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. கொசு 17 ஆண்டுகளாகத் தயாராக இருந்தது, வர வேண்டியது கிருமியோடு ஒரு மனிதர்தான்.

எனவே ஆபத்தைக் கணிப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, 'இந்த ஊரில் ஏற்கெனவே எது இருக்கிறது, எது இல்லை?' என்பது.

கணக்கில் கொசுவின் ஆயுசு ஏன் முக்கியம்?

டெங்கு நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு, அடுத்த நிமிடமே இன்னொருவருக்கு நோயைத் தந்துவிடாது. வைரஸ் அதன் வயிற்றில் இருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர, 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில், 8 முதல் 12 நாள் ஆகும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான். அந்த 10 நாள் அது உயிரோடு இருந்தால்தான் ஆபத்து. அதற்கு முன்பே செத்துவிட்டால் சங்கிலி அறுந்தது.

வெப்பம் கூடினால் இந்த நாள் கணக்கு குறையும். அதற்காக வெயில் ஏற ஏற நோயும் ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏடிஸ் எஜிப்தியால் டெங்கு பரவத் தோதான வெப்பநிலை 29 டிகிரி அளவில் என்கின்றன ஆய்வுகள். அதைத் தாண்டிப் போகப் போக கொசுவே தாங்காது.

அப்படியென்றால் புவி வெப்பமாதல் யாருக்குப் புது ஆபத்து? இதுவரை குளிரால் தப்பித்த மலைப்பகுதிகளுக்கு. நேபாளத்தில் முதல் டெங்கு நோயாளி பதிவானது 2004-ல். 2022-ல் அங்கே 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு, காத்மாண்டு பள்ளத்தாக்கு உட்பட. தமிழ்நாட்டில் ஊட்டியும் கொடைக்கானலும் இந்தக் கோணத்தில் கவனிக்க வேண்டிய ஊர்கள். கத்தரி வெயிலில் காயும் புதுக்கோட்டைக்கு இந்தக் கணக்கு வேறு. இங்கே கவலை சித்திரையில் இல்லை. வெயில் தணிந்து மழை பிடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான்.

புதுக்கோட்டையில் எது புதிது?

டெங்குவைப் பொறுத்தவரை இது புதிய பகுதியே இல்லை. ஏடிஸ் எஜிப்தி இங்கே பழைய குடித்தனம். தமிழ்நாட்டில் 2017-ல் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, 65 பேர் இறந்தனர்.

வறண்ட மாவட்டம் என்பதால் கொசு குறைவு என்று நினைப்பதும் தப்பு. தண்ணீர் தினமும் வராத ஊரில்தான் குடம், டிரம், தொட்டி என்று வீடு முழுக்கச் சேர்த்து வைப்பார்கள். கண்மாய் வற்றிக் கிடக்கும், வீட்டுக்குள் கொசுப்புழு நெளியும்! தென்னை அதிகம் உள்ள ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் மழை பெய்தால் தோப்பில் கிடக்கும் கொட்டாங்குச்சி ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தொட்டி.

வீடு வீடாக வரும் டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் பாத்திரங்களை எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். 100 வீட்டில் புழு உள்ள பாத்திரங்கள் எத்தனை என்பதை 'ப்ரெட்டோ எண்' என்பார்கள். 5-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு, 20-க்கு மேலே என்றால் அதிகம் என்பது பழைய அளவுகோல். அதை முழுசாக நம்பவும் முடியாது. புழு உள்ள வீடுகளை மிகக் குறைவாக வைத்திருக்கும் சிங்கப்பூரில் 2020-ல் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. நோய் குறைந்திருந்த ஆண்டுகளில் மக்களிடம் எதிர்ப்பு சக்தியும் குறைந்துபோனது அதற்கு ஒரு காரணம். புதிதாக ஒரு கிருமி நுழையும் ஊரிலும் இதே நிலைதான். யாருக்குமே எதிர்ப்பு சக்தி இருக்காது.

அந்த வகையில் புதுக்கோட்டைக்குப் புதிது என்றால் ஜிகா. அதைப் பரப்புவதும் ஏடிஸ்தான் என்பதால் கொசு தயார். தமிழ்நாட்டின் முதல் ஜிகா நோயாளி 2017-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2021-ல் கேரளத்தில், குமரி எல்லையை ஒட்டிய பாறசாலையில் வந்தது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. பக்கத்திலேயே திருச்சி விமான நிலையம். ஆபத்து வரும் வழி கொசுவின் சிறகு அல்ல, பயணிகளின் ரத்தம்.

காய்ச்சலோடு ஊர் திரும்பினால்?

போய்வந்த ஊரை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மலேரியாவுக்கான ரத்தத் தடவல் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம்.

இலங்கை இதில் ரொம்பக் கறார். வெளிநாட்டில் இருந்து ஒரே ஒரு நோயாளி வந்தாலும் அவர் தங்கிய இடத்தைச் சுற்றிக் கொசு ஆய்வு நடக்கும். 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவில் இருந்து வேலைக்கு வந்த ஒருவரிடம் இருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது தெரிந்தபோது, அது அத்தோடு நிறுத்தப்பட்டது. இவ்வளவு பயத்துக்குக் காரணம் பழைய சூடு. 1963-ல் வெறும் 17 நோயாளிகள் என்று குறைந்து, கண்காணிப்பு தளர்ந்த பிறகு 1969-ல் 5 லட்சத்தைத் தாண்டிய நாடு அது.

இந்தியாவில் பரவலாக உள்ள வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து, மாதங்கள் கழித்துத் திரும்பக் கிளம்பும். அதைத் துரத்தத்தான் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை தருகிறார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் போய்விடுவதால் மீதி மாத்திரை பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும். அப்படிப் பாதியில் நிறுத்தியவர் ஆறு மாதம் கழித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனால், கிருமியும் கூடவே போகும்.